தேத்தாங்கொட்டையும் நீச்சல்குளத்து மணலும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மஸ்கட்டிலிருந்து அத்தான் போன் பண்ணினார்.

"மாப்ளே, ஒரு காரியம் கேக்கணும். நீச்சல்குளத்துக்கு ஃபில்டர் மாத்தணுமாம். மூணு பேரு மூணு மாதிரி சொல்லுகான். நீ பி.இ. படிச்சவன்லா, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

"அத்தான், நான் படிச்சது கம்ப்யூட்டர். ஃபில்டருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாம் ஒண்ணுதாம்டே. பாத்துச் சொல்லு."

தக்கலை பக்கம் அவர் கட்டிய வீட்டின் பின்னால் ஒரு நீச்சல்குளம் உண்டு. (தக்கலை நாஞ்சில் நாட்டில் சேராது, தோவாளையும் அகஸ்தீசுவரமும்தான் நாஞ்சில் நாடு என்று எங்கள் ஊர்ப் பெருசுகள் சண்டைக்கு வருவார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்த எல்லைத் தகராறு வேண்டாம்.) எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 45,000 லிட்டர். கிணற்றிலிருந்து நிரப்புகிறார்கள். அந்தப் பக்கமெல்லாம் செம்மண், அடியில் வெட்டுக்கல். கிணற்றில் இருக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குளத்தில் நிரப்பி குளோரின் போட்டால் அரைமணி நேரத்தில் கட்டன்சாயா நிறம். அதை ஒருவழியாகச் சரிசெய்தால் அடுத்த வாரம் பச்சை.

குளத்தைப் போட்டுக்கொடுத்த நிறுவனம் அதே மாதிரி புது மணல் ஃபில்டர் வாங்கச் சொன்னது. இன்னொருவர் கார்ட்ரிட்ஜ் என்றார், அதாவது மடிப்பு மடிப்பாக இருக்கும் துணி உருளை. மூன்றாமவர் டி.இ. ஃபில்டர், "அமெரிக்கன் டெக்னாலஜி" என்றார், விலை மூன்று மடங்கு.

அத்தானுக்கு இது பணப் பிரச்சினை. அக்காவுக்கு வேறு பிரச்சினை. 2024 மே மாதத்திலிருந்து கேரளத்தில் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு என்று வரிசையாகக் குழந்தைகள் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்த செய்தி வந்துகொண்டிருந்தது. பிறகு நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கும் வந்தது. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, அடுத்தது நெய்யாற்றின்கரை. பஸ் ஏறினால் போய்விடலாம். அன்றிலிருந்து அக்கா பிள்ளைகளை அந்தக் குளத்துப் பக்கமே விடவில்லை. "ஃபில்டர் மாத்தினா அது வராதா? அத மட்டும் சொல்லு எனக்கு" என்று என்னிடம் தனியாகக் கேட்டாள்.

இதற்குப் பதில் தேடித்தான் கிளம்பினேன். வழக்கம்போல கேட்டது ஒன்று, நான் போய்ச்சேர்ந்தது இருநூறு வருடத்துக்கு அந்தப் பக்கம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃபில்டர் என்றதும் நம் மனசில் வருவது டீ வடிகட்டி, மாவு சல்லடை. ஓட்டையைவிடப் பெரிசு நிற்கும், சிறிசு போகும். நீச்சல்குளத்து ஃபில்டரில் போடும் மணல் சுமார் அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். மூன்று உருண்டைகளை நெருக்கி வைத்தால் நடுவில் புகுந்து போகக்கூடிய மிகப்பெரிய உருண்டையின் விட்டம், அந்த உருண்டையின் விட்டத்தில் 0.155 பங்கு. பள்ளிக்கூட வடிவியல்தான். 500 மைக்ரான் மணலுக்கு 77 மைக்ரான் வரும். அப்படியானால் 77 மைக்ரானுக்குக் குறைந்த எல்லாம் தாண்டிப்போக வேண்டும். ஆனால் நல்ல மணல் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் வரை உள்ள தூசியையும் பிடிக்கிறது. குடிநீர்க்காரர்கள் இதே மாதிரி மணலை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு மைக்ரான் மட்டுமே உள்ள பாக்டீரியாவையும் பிடிக்கிறார்கள். மணல் சல்லடையாக மட்டும் வேலை செய்தால் இது நடக்காது. பிறகு எப்படி?

இதற்குப் பாதிப் பதில் எங்கள் ஆச்சிக்குத் தெரியும். அவள் வீட்டுக் கிணற்றின் அடியில் நெல்லிப்பலகை போட்டிருந்தார்கள். நெல்லிமரத்துப் பலகை தண்ணீரைத் தெளியவைக்கும், சுவையும் தரும் என்பது அந்தக் கால நம்பிக்கை. மழைக்காலத்தில் சானலில் புதுத்தண்ணி வரும்போது இன்னொன்று. ஜூன் மாதம் பேச்சிப்பாறை திறந்ததும் முதலில் வருவது செக்கச்செவேல் என்று கலங்கல்தான். (மின்சின் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் இருந்து கட்டிய அணை, 1906இல் முடிந்தது. அவர் சமாதி அணைப் பக்கத்திலேயே இருக்கிறது.) நாங்கள் அதில் குதித்துக் கும்மாளம் போட்டோம், அது வேறு. குடிக்க வேண்டிய தண்ணீராக இருந்தால் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு உரசு உரசி, தண்ணீரை ஊற்றி அப்படியே வைத்துவிடுவார்கள். காலையில் அடியில் சேறு, மேலே தெளிவு.

தேற்றா என்பது மரத்தின் பெயர். எட்டி வகையைச் சேர்ந்தது, ஆனால் எட்டி மாதிரி விஷமில்லை. சங்க இலக்கியத்தில் இதற்கு 'இல்லம்' என்று பெயர். கலித்தொகையின் நெய்தல் பகுதியில், பிரிவால் கலங்கிய ஒரு பெண்ணின் மனம் தெளிவதற்கு இந்தக் கொட்டையைத் தேய்த்துத் தெளியவைத்த நீர்தான் உவமை. உவமையாக வருகிறது என்றால் அன்றைக்கே அது வீட்டுக்கு வீடு தெரிந்த சமாச்சாரம் என்று அர்த்தம். மனுஸ்மிருதியில் இன்னும் வேடிக்கை. இந்தக் காயின் பெயரைச் சொன்னால் மட்டும் தண்ணீர் தெளிந்துவிடாது என்கிற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்தக் காலத்திலும் பெயரைச் சொல்லியே விற்கும் டீலர்கள் இருந்திருப்பார்கள் போல.

கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கடற்கரையின் செடிகொடிகளைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1795இல் வெளிவரத் தொடங்கியது. இந்தக் கொட்டை கடைத்தெருவில் விற்பதையும், படை கிளம்பும்போது விவரம் தெரிந்தவர்கள் இது இல்லாமல் போவதில்லை என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

கொட்டை என்ன செய்கிறது? கலங்கலில் உள்ள களிமண் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே இருக்கும். எல்லாத் துகளுக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும், நாள்கணக்கில் அடியில் படியாது. கொட்டையிலிருந்து கரையும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் அந்தத் துகள்களை ஒன்றோடொன்று கட்டுகின்றன. கட்டியானதும் கனத்துக் கீழே இறங்கும். படிகாரமும் இதே வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது. முருங்கை விதையும் அப்படித்தான். அதை சூடானில் வைத்து ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் சாமியா அல் அசாரியா ஜான் என்ற ஆராய்ச்சியாளர்.

ஆக நம்மாட்கள் வடிகட்டவே இல்லை. ஒட்டவைத்து, பிறகு நிறுத்திவைத்தார்கள். பெரிய அளவிலும் அதே யோசனைதான். அலகாபாத் பக்கம் சிருங்கவேரபுரத்தில் பி.பி. லால் தோண்டியெடுத்த இரண்டாயிரம் வருடப் பழைய குளத்தொகுதியில், கங்கை வெள்ளம் வாய்க்கால் வழியாக முதலில் ஒரு படிவுத் தொட்டியில் இறங்கி, மண்ணை விட்டுவிட்டுத்தான் அடுத்த செங்கல் குளத்துக்குப் போகிறது.

இனி மணல். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி ஊரில் ஜான் கிப் என்பவர் துணி வெளுக்கும் தொழிற்சாலை வைத்திருந்தார். தன் ஆலைக்காக மணலிலும் சரளையிலும் தண்ணீரை வடித்தவர், மிச்சத்தை ஊருக்கு விற்றார். ஆண்டு 1804. 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் லண்டன் செல்சீயில் பெரிய மணல் படுக்கை அமைத்தார். 1852இல் லண்டனுக்குக் குடிநீர் தரும் கம்பெனிகள் வடிகட்டித்தான் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கிருமி என்ற கருத்து அப்போது மருத்துவத்தில் நிலைபெறவே இல்லை. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்க வேண்டும் என்று கட்டினார்கள். அது காலராவையும் பிடித்தது என்பது பிறகு தெரிந்தது.

தெரிந்த இடம் ஹாம்பர்க். 1892இல் அங்கே காலராவில் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனா நகரத்தில் அந்த அளவு இல்லை. அல்டோனா குடித்ததும் அதே எல்பே ஆற்றுத் தண்ணீர்தான், அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே எடுத்தது. வித்தியாசம் ஒன்றுதான்: அல்டோனா மணலில் வடித்தது, ஹாம்பர்க் வடிக்கவில்லை. இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் இல்லை. ராபர்ட் கோக் இதை ஆராய்ந்து ஒரு எண்ணைக் கொடுத்தார். தண்ணீர் மணலில் இறங்கும் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

மணிக்குப் பத்து சென்டிமீட்டர். நத்தைகூட இதைவிட வேகம். ஏன் இவ்வளவு மெதுவாக? மணலின் மேல்பரப்பில் சில நாளில் பாசியும் பாக்டீரியாவும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு வழுவழுப்பான தோல் உண்டாகிறது. உண்மையில் தண்ணீரைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் அந்தத் தோல்தான். அது உயிருள்ளது, கிருமியைத் தின்கிறது, ஒட்டவைத்துப் பிடிக்கிறது. வேகம் கூடினால் தோல் கிழிந்துவிடும்.

நம் பக்கம் இந்த முறை வந்தது சென்னைக்கு. 1872 முதல் செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாயில் வடிகட்டாமலே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஜே.டபிள்யூ. மேட்லி என்ற இன்ஜினியர் மேற்பார்வையில் 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மெதுவான மணல் வடிகட்டிகள் வந்தன. தி.நகரில் மேட்லி ரோட்டில் நான் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். தினமும் தண்ணி லாரிக்குக் குடத்தோடு ஓடியபோது இது யார் பெயர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மெதுவான மணலின் கஷ்டம் இடம். ஊர் பெருத்தால் ஏக்கர் கணக்கில் படுக்கை வேண்டும். அமெரிக்காவின் சேற்று ஆறுகளுக்கு அது சரிவரவும் இல்லை, தோல் இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும். 1884இல் ஐசக் இல்லை, ஐசாயா ஸ்மித் ஹயாட் என்பவர் (பெயரை நான் ரொம்ப நாள் தப்பாகவே நினைவில் வைத்திருந்தேன்) ஒரு காப்புரிமை வாங்கினார். தண்ணீர் வடிகட்டிக்குள் போகும்போதே ஒட்டவைக்கும் ரசாயனத்தைக் கலந்துவிடுவது. அவர் அண்ணன் தம்பிதான் செல்லுலாய்டு கண்டுபிடித்த ஜான் வெஸ்லி ஹயாட். 1902இல் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபால்ஸில் ஜார்ஜ் ஃபுல்லர் வடிவமைத்த நிலையம் வந்ததும் இந்த வேக மணல் முறை நிலைபெற்றுவிட்டது. வேகம் மணிக்கு ஐந்து மீட்டர், கோக் சொன்னதைப் போல ஐம்பது மடங்கு. உயிருள்ள தோல் போய்விட்டது. அதன் இடத்தில் படிகாரம் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மணி அடித்தது. படிகாரம் இல்லாத வேக மணல் என்பது வெறும் சரளைக் குவியல். ஆச்சியின் தேத்தாங்கொட்டை செய்த வேலையை யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டும். தோல் செய்யலாம், படிகாரம் செய்யலாம். யாரும் செய்யாவிட்டால் 77 மைக்ரான் கணக்குதான் மிஞ்சும்.

சரி, இது நீச்சல்குளத்துக்கு எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பொதுக் குளியல் குளங்களில் ஃபில்டரே கிடையாது. நிரப்புவார்கள், வாரம் முழுக்க ஊர் குளிக்கும், வடித்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். புதுத்தண்ணீர் நாளில் டிக்கெட் விலை அதிகம், அழுக்குத்தண்ணீர் நாளில் குறைவு. கடைசி நாளில் குளிக்கப் போனவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிநீர் நிலையத்து வேக மணலும் குளோரினும் குளத்துக்கு வந்தன. அதே தண்ணீரைச் சுற்றிச்சுற்றி வடிப்பது என்ற யோசனை அப்போதுதான் பரவியது. ஒரு தடவையில் பிடிக்காததை பத்தாவது தடவையில் பிடிக்கலாம் என்பதால் வேகத்தை இன்னும் கூட்டினார்கள். வீட்டுக் குளத்து ஃபில்டருக்கு இன்று வழக்கமாகச் சொல்லும் உச்ச வரம்பு மணிக்கு 50 மீட்டர். கோக்கின் எண்ணைப் போல ஐந்நூறு மடங்கு. படிகாரமும் வழியில் எங்கேயோ நழுவிவிட்டது. ஃபில்டர் விற்கிறவர் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

டி.இ. ஃபில்டரின் கதை தனி. டி.இ. என்பது டயட்டம் மண். கோடிக்கணக்கான நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து மண்ணானது. ஆல்ஃபிரட் நோபெல் 1867இல் டைனமைட் செய்ய நைட்ரோகிளிசரினை உறிஞ்சவைத்தது இந்த மண்ணில்தான். இதே மண்ணைச் சுட்டு மெழுகுவர்த்தி வடிவில் செய்தது ஜெர்மனியின் பெர்க்கஃபெல்ட் வடிகட்டி, ஹாம்பர்க் காலரா சமயத்தில் பிரபலமானது. எங்கள் வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் டிரம்முக்குள் வெள்ளையாக இரண்டு 'கேண்டில்' இருக்குமே, சனிக்கிழமைதோறும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவோமே, அது அந்த வம்சம்.

நீச்சல்குள வடிவம் வந்தது இரண்டாம் உலகப் போரில். அமெரிக்கப் படைக்குச் சீதபேதி அமீபா பெரிய தொல்லை. அதன் கூடுகளைப் போர்க்களத்தில் போடும் குளோரின் கொல்லவில்லை. தூக்கிச்செல்லக்கூடிய வடிகட்டி ஒன்று தேவைப்பட்டது. துணிச் சட்டத்தின் மேல் டயட்டம் மண்ணைப் பூசி, அதன் வழியாகத் தண்ணீரை விட்டார்கள். மூன்று முதல் ஐந்து மைக்ரான் வரை பிடித்தது. போர் முடிந்ததும் அது குளத்துக்கு வந்துவிட்டது. மூன்றாமவர் சொன்ன "அமெரிக்கன் டெக்னாலஜி" பொய்யில்லை. அமீபாவுக்காகவே பிறந்த ஃபில்டர் என்று அக்காவிடம் சொன்னால் அன்றைக்கே வாங்கியிருப்பாள்.

ஆனால் அது வேறு அமீபா. அது வயிற்றுக்குப் போவது, கூடு குளோரினைத் தாங்கும். கேரளத்தில் வந்த நெக்ளேரியா ஃபவுலரி மூக்கு வழியாக மூளைக்குப் போவது. குடித்தால் ஒன்றும் செய்யாது. 1965இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபவுலர், கார்ட்டர் என்ற இருவர்தான் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். வெதுவெதுப்பான நன்னீர் அதற்கு ரொம்பப் பிடிக்கும், 46 டிகிரி வரைகூடத் தாங்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் குளத்துத் தண்ணீர் அதற்குப் பஞ்சுமெத்தை. ஆனால் ஒழுங்காகக் குளோரின் இருந்தால் செத்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்காவது கட்டற்ற குளோரின் எந்நேரமும் இருக்க வேண்டும், பி.எச். 7.8ஐத் தாண்டக்கூடாது. தண்ணீர் கலங்கலாகவும் சுவர் வழுவழுப்பாகவும் இருந்தால் குளோரின் அழுக்கோடு சண்டைபோட்டே தீர்ந்துவிடும், அமீபாவுக்கு மிஞ்சாது. ஃபில்டரின் வேலை அங்கேதான் வருகிறது. ஃபில்டர் அமீபாவைப் பிடிப்பதில்லை, குளோரினை விரயமாகாமல் காக்கிறது. அக்காவின் கேள்விக்கு இதுதான் பதில். அவளுக்கு அது அவ்வளவு திருப்தியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடையில் எனக்கே ஒரு சபலம் வந்தது. ஆஸ்திரியாவில் 1980களிலிருந்து குளோரினே இல்லாத இயற்கை நீச்சல்குளங்கள் கட்டுகிறார்கள். பக்கத்தில் செடியும் சரளையுமாக ஒரு படுக்கை, உயிருள்ள தோல் எல்லாம் செய்கிறது. நம் 45 கன மீட்டரை மணிக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு நாளுக்கு ஒரு சுற்று வடிக்க 12.5 சதுர மீட்டர் படுக்கை போதும். அத்தான் வீட்டில் இடம் இருக்கிறது. பாரம்பரியம், தேத்தாங்கொட்டை, கீழ்ப்பாக்கம் என்று எழுதவும் நன்றாக இருக்கும். ஆனால் ஆஸ்திரியாவின் குளிரும் தக்கலையின் வெயிலும் ஒன்றில்லை. உயிருள்ள தோலும் குளோரினும் ஒரே குளத்தில் இருக்க முடியாது. 30 டிகிரிக்கு மேல் நிற்கும் தண்ணீரில் குளோரின் இல்லாமல் பிள்ளைகளைத் தலைகுப்புறக் குதிக்கவிட என்னால் சொல்ல முடியாது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

மே மாதம் ஊருக்குப் போனபோது ஃபில்டரை நேரில் பார்த்தேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஃபில்டர் 24 அங்குலம், அதாவது 600 மில்லிமீட்டர். பரப்பு 0.28 சதுர மீட்டர். பம்பின் தகட்டில் மணிக்கு 20 கன மீட்டர் என்று இருந்தது. வகுத்தால் மணிக்கு 70 மீட்டர் வேகம். ஐம்பதே அதிகம், இது எழுபது. பம்பு யானை, ஃபில்டர் பூனை. தண்ணீர் மணலைத் துளைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. மணலை வெளியே எடுத்தபோது களிமண்ணும் துருவும் சேர்ந்த கட்டிகள், நடுவில் வழி வழியாகத் துவாரம்.

இரண்டாவது, வீட்டில் உதவிக்கு இருப்பவர் தினமும் காலையில் தவறாமல் தண்ணீரைத் திருப்பிவிட்டு மணலைக் கழுவியிருக்கிறார். சுத்தம் சோறு போடும் என்ற நினைப்பு. கொஞ்சம் அழுக்குப் படிந்த மணல்தான் நன்றாகப் பிடிக்கும், அழுக்கோடு அழுக்கு ஒட்டும். அழுத்தமானி கழுவியவுடன் காட்டிய எண்ணைவிட எட்டுப் பத்து பி.எஸ்.ஐ. ஏறினால்தான் கழுவ வேண்டும்.

கட்டன்சாயாவுக்கும் விடை கிடைத்தது. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு நிறமில்லாதது. குளோரின் பட்டதும் துருவாக மாறி வெளிப்படுகிறது. அந்தத் துரு நொய்யாக மிதந்தால் மணலைத் தாண்டிப்போகும். வெட்டுக்கல் பகுதிக் கிணற்றுநீர் புளிப்பு. கொஞ்சம் சோடா உப்புப் போட்டு பி.எச்.ஐ ஏற்றினால் துரு கட்டி கட்டியாகத் திரளும், களிமண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு படியும். சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரத்துக்குப் பதிலாக இரும்பு உப்பைப் போடுவதே இதற்காகத்தான். இவர்கள் விரோதியாகப் பார்த்த இரும்பு, பக்குவமாகக் கையாண்டால் இலவசத் தேத்தாங்கொட்டை.

அத்தான் வீடியோ காலில், "மணவாளக்குறிச்சி மணல் பக்கத்துல கெடக்கு, அத அள்ளிப் போட்டா என்னடே?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். வடிமணலுக்கு அளவு முக்கியம். மாசசூசெட்ஸில் லாரன்ஸ் சோதனை நிலையத்தில் ஆலன் ஹேசன் 1892இல் இதற்கொரு கணக்கு வைத்தார். எடையில் பத்து சதவீத மணல் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அதுதான் அந்த மணலின் பயனளவு, கூடவே மணல் எவ்வளவு ஒரே சீராக இருக்கிறது என்பதற்கு ஒரு விகிதம். இன்றைக்கும் மணல் வாங்கும்போது கேட்க வேண்டிய எண்கள் இவை இரண்டும்தான். கடல்மணல் ரொம்ப நொய், சிப்பி வேறு. அதோடு 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்துக் கண்டுபிடித்த மோனசைட் அங்கே இருக்கிறது, தோரியம் உள்ளது. வேடிக்கை என்னவென்றால் அதே மணலிலிருந்து பிரிக்கும் இல்மனைட்டும் கார்னெட்டும் உலகத்தில் பல அடுக்கு வடிகட்டிகளில் அடி அடுக்காகப் போடும் பொருள்கள். பிரித்தால் ஃபில்டர், அள்ளினால் வம்பு.

கடைசியில் மணல்தான். டி.இ. மண்ணை ஒவ்வொரு தடவை கழுவிய பிறகும் புதிதாகப் பூச வேண்டும், தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆகாது, தக்கலையில் அந்தத் தூளுக்கு எங்கே போவது? கார்ட்ரிட்ஜ் துருத்தண்ணீரில் மாதத்துக்கொரு தடவை செலவு வைக்கும். 30 அங்குல மணல் ஃபில்டர், பரப்பு 0.44 சதுர மீட்டர். பழைய பம்பையே வைத்துக்கொண்டோம். திரும்பும் குழாயில் ஓட்டமானி ஒன்றைப் பொருத்தி, வடிக்கும்போது வால்வைக் குறைத்து மணிக்கு 11 கன மீட்டரில் நிறுத்தினோம். வேகம் 25 மீட்டர், நாலு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. கழுவும்போது மட்டும் வால்வை முழுசாகத் திறந்தால் 45 மீட்டர். மணல் பொங்கிப் புரள அந்த வேகம் வேண்டும், பம்பைச் சிறிசாக்காததற்கு அதுதான் காரணம். கிணற்றுத் தண்ணீர் விட்ட அன்று இரவு குளோரின், சோடா உப்பு, கொஞ்சம் படிகாரம் போட்டு பம்பை நிறுத்திவிட வேண்டும். காலையில் அடியில் படிந்ததை ஃபில்டருக்குள் விடாமல் நேரே வெளியே உறிஞ்சிவிட வேண்டும்.

வெளியே விடுகிற செந்தண்ணியை முற்றத்தின் ஓரமாகத் திருப்பி, குளோரின் வெயிலில் அடங்கட்டும் என்று இரண்டு நாள் ஒரு குழியில் நிறுத்தி, பிறகு தென்னைக்கு விடுகிறார்கள். அக்கா தினமும் காலை ஏழு மணிக்குக் குளோரினும் பி.எச்.சும் பார்த்து, ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் எழுதுகிறாள். முதல் இரண்டு வாரம் எனக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மூன்றாவது வாரம் எண்ணுக்குப் பதிலாக, பிள்ளைகள் குளத்தில் கிடக்கும் படம் வந்தது. இரண்டு பேருக்கும் மூக்கில் கிளிப்.